உங்கள் பகுதியின் சத்தங்களில் மின்னிசை: முதல் முறை செய்பவருக்கு

சுற்றுப்புறச் சத்தங்களைப் பதிந்து அவற்றாலேயே மின்னிசை செய்யும் வேலையில் முதல் முறை நான் இறங்கியபோது ஆறு வாரத்தில் 312 ஒலிக்கோப்புகள் சேர்ந்தன. எல்லாவற்றுக்கும் ரெக்கார்டர் தானாக வைத்த எண்தான் பெயர். எது எந்த இடம், எந்த நேரம் என்று ஒன்றும் நினைவில்லை. அப்படியும் முட்டி மோதி ஆறு நிமிட உருப்படி ஒன்றை முடித்தேன். வெளியிடப் போகும்போதுதான் காதில் விழுந்தது: அடித்தளமாக நான் போட்டிருந்த தெருச் சத்தத்துக்குள் யாருடைய வீட்டு வானொலியிலோ ஒரு பாட்டு மெலிதாக ஓடிக்கொண்டிருந்தது. மொத்தத்தையும் பிரித்துப் போட வேண்டியதாயிற்று.

குறிப்பு எழுதாததும் ஹெட்ஃபோன் போட்டுக் கேட்காததும்தான் என் நான்கு மாதத்தைத் தின்றன. அதனால் இந்தக் கட்டுரையில் மென்பொருள் வித்தைக்கு நிகராகத் தாள் வேலையும் வரும். சலித்துக்கொள்ளாதீர்கள்.

1. முதல் மூன்று நாள் வெறும் காது

கருவி எதுவும் எடுக்காமல் நடங்கள். எல்லை சிறியதாக இருக்கட்டும். வாசலிலிருந்து பத்து நிமிடத்தில் நடந்து சேரும் தூரம் போதும். விடிவதற்கு முன் ஒரு முறை, நடுப்பகலில் ஒரு முறை, ஊர் அடங்கிய பின் ஒரு முறை. ஒவ்வொன்றும் அரை மணி நேரம்.

கையில் ஒரு சிறு நோட்டு வேண்டும். அதில் பொருளின் பெயருக்கு முன்னால் சத்தத்தின் பெயரை எழுதுங்கள். தமிழ் இதற்கு வாகான மொழி: கடகட, சலசல, தடதட, நறநற, கணீர், கிறீச். ‘கதவு’ என்று மட்டும் எழுதி வைத்தால் பிற்பாடு எதுவும் ஞாபகம் வராது. ‘கிறீச்… டொக்’ என்று எழுதியிருந்தால் அதில் இழுபடும் ஒரு சுரமும் முடிவில் ஓர் அடியும் இருப்பது பார்த்தவுடன் தெரியும்.

நான் நான்கு வகையாகப் பிரிக்கிறேன். நின்று ஒலிப்பவை (டிரான்ஸ்ஃபார்மர், தூரத்து நெடுஞ்சாலை) சுருதிக்கு. திரும்பத் திரும்ப வருபவை (தண்ணீர் பம்பு, தையல் இயந்திரம்) தாளத்துக்கு. ஒற்றை அடிகள் (இரும்பு ஷட்டர், மாடிப்படிக் கைப்பிடி) கொட்டுக்கு. நான்காவது வகையைப் பலரும் தவற விடுகிறார்கள்: எதிரொலிக்கும் இடங்கள். படிக்கட்டு, சுரங்கப்பாதை, காலித் தண்ணீர்த் தொட்டி. இவை எதற்கு என்பதை ஆறாம் படியில் சொல்கிறேன்.

பட்டியல் எவ்வளவு நீண்டாலும் பதிவுக்கு என்று பன்னிரண்டுக்கு மேல் எடுக்காதீர்கள். 312 கோப்பு வைத்திருந்தவன் சொல்கிறேன்.

2. எதற்கு முதலில் செலவு செய்வது

முதல் உருப்படிக்குக் கைப்பேசியே போதும், ஒரு நிபந்தனையோடு. பேச்சைப் பதிவதற்காகச் செய்த செயலிகள் சத்தம் குறைந்தால் தாமாக ஏற்றும், கூடினால் இறக்கும், பின்னணி இரைச்சலை ‘சுத்தம்’ செய்யும். நமக்கு வேண்டியதே அந்தப் பின்னணிதான். ஆகவே தானியங்கி ஒலியளவையும் இரைச்சல் நீக்கத்தையும் அணைக்க விடுகிற, சுருக்கப்படாத வேவ் கோப்பாகச் சேமிக்கிற செயலியைத் தேடிப் போடுங்கள்.

காசு கையில் இருந்தால் வரிசை இது: முதலில் காதை முழுதாக மூடும் ஹெட்ஃபோன். அடுத்து மைக்குக்கு ரோம உறை. மூன்றாவதுதான் கையடக்க ரெக்கார்டர். பலரும் இதைத் தலைகீழாகச் செய்து, நல்ல ரெக்கார்டரில் காற்றின் ‘புஸ்ஸ்’ சத்தத்தைத் துல்லியமாகப் பதிந்துகொண்டு வருகிறார்கள். ரெக்கார்டரோடு வரும் பஞ்சு உறை வெளிக்காற்றைத் தாங்காது.

நான்காவதாக, பியசோ வில்லை. அதிர்வை மின்னலையாக மாற்றும், சட்டை பொத்தானைவிடச் சற்றே பெரிய உலோகத் தட்டு. இங்கே சொன்னவற்றிலேயே மலிவானது இதுதான். கம்பிவேலியிலோ குழாயிலோ ஒட்டினால் காற்றில் கேட்காத உள்ளதிர்வு கேட்கும். இதைச் சாதாரண மைக் துளையில் சொருகினால் அடிச்சுரம் காணாமல் போய்த் தகரம் மாதிரி ஒலிக்கும். அதற்கு ஏறத்தாழ 1 மெகாஓம் மின்தடை உள்ள உள்ளீடு வேண்டும். கிட்டார் சொருகும் துளை பொதுவாக அந்த அளவில்தான் இருக்கும். நான் வில்லை பழுது என்று நினைத்து இரண்டைத் தூக்கிப் போட்டபின் இதைத் தெரிந்துகொண்டேன்.

மென்பொருளுக்கு இப்போது ஒன்றும் செலவு வேண்டாம். வெட்டவும் கேட்கவும் ஆடாசிட்டி இலவசம். அடுக்கி இசையமைக்க எல்எம்எம்எஸ் இலவசம்; ரீப்பரை 60 நாள் முழுமையாகப் பயன்படுத்திப் பார்த்துவிட்டு உரிமம் வாங்கலாம். 60 நாள் என்பது ஓர் உருப்படிக்குத் தாராளம். ஆனால் பதிவு வேலை முடியும்வரை அதை நிறுவாதீர்கள், நாள்கள் வீணாக ஓடும்.

3. அனுமதியும் தாள்களும்

மழை, இயந்திரம், கதவு, பறவை ஆகியவற்றின் சத்தத்தைப் பொதுவழியில் நின்று நீங்களே பதிந்தால் பெரும்பாலும் சிக்கல் இல்லை. சிக்கல் மூன்று இடத்தில் வரும்.

மனிதக் குரல் முதலாவது. தனிப்பட்ட உரையாடலைச் சம்மதம் இல்லாமல் பதிவது பல நாடுகளில் குற்றம். விதி நாட்டுக்கு நாடு மாறும். சொல் புரியும் அளவுக்குக் குரல் விழுந்துவிட்டால், ஒன்று சம்மதம் வாங்குங்கள், இல்லையேல் அந்தப் பகுதியை வெட்டுங்கள். ‘தலைகீழாக ஓட்டினால் யாருக்கும் தெரியாது’ என்று ஒரு குறுக்குவழி சொல்வார்கள். திருப்பி ஓட்டினால் நேராகிவிடும்.

இரண்டாவது, பின்னணியில் ஓடும் இசை. கடையின் ஒலிபெருக்கி, வண்டியின் பாட்டு, யாரோ ஒருவரின் கைப்பேசி ரிங்டோன். மூன்று வினாடி விழுந்தாலும் அது வேறொருவர் சொத்து, தளங்களின் தானியங்கிச் சோதனையில் மாட்டவும் கூடும். மூன்றாவது, இடம். ரயில் நிலையம், விமான நிலையம், ராணுவப் பகுதி, தனியார் வளாகம் போன்றவற்றில் பதிவுக்கு எழுத்து அனுமதி கேட்பது வழக்கம். பதில் வர வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால் நடையை முடித்த மறுநாளே விண்ணப்பியுங்கள்.

சம்மதத் தாள் ஒரே பக்கம் போதும்: எதைப் பதிந்தீர்கள், என்றைக்கு, எங்கே, ஒலி மாற்றப்படும், வெட்டப்படும், விற்கவும்படலாம் என்ற ஒரு வரி, அவர் பெயர் வெளியில் வரலாமா, எப்படி வர வேண்டும், மனம் மாறினால் எந்தத் தேதிக்குள் சொல்ல வேண்டும், இருவர் கையெழுத்து. இரண்டு பிரதி, ஒன்று அவருக்கு. படிக்கச் சிரமப்படுபவர் என்றால் வாசித்துக் காட்டி, அவர் ‘சரி’ சொல்வதைத் தனிக் கோப்பாகப் பதிந்து வையுங்கள். ‘விற்கவும்படலாம்’ என்ற வரியைக் கூச்சப்பட்டு விட்டுவிடாதீர்கள். பின்னால் போய்க் கேட்பது இன்னும் கூச்சம்.

இயந்திரத்தின் உரிமையாளரிடம் சட்டப்படி எழுத்துச் சம்மதம் தேவைப்படாமல் போகலாம். ஆனாலும் ஒரு வார்த்தை கேளுங்கள். எங்கள் பகுதியின் தண்ணீர் பம்பு அறைக்காரர் முதல் நாள் என்னைச் சந்தேகமாகத்தான் பார்த்தார். ஹெட்ஃபோனை அவர் காதில் மாட்டிய பிறகு, எந்த வால்வைத் திருகினால் சத்தம் எப்படி மாறும் என்று அவரே செய்து காட்ட ஆரம்பித்துவிட்டார்.

4. பதிவு

அமைப்பு: 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ். ஸ்டீரியோவில் இது நிமிடத்துக்குச் சுமார் 17 மெகாபைட், மணிக்கு 1 கிகாபைட்டுக்குச் சற்று மேல். ஒலியை மெதுவாக்கி ஆழமாக்கும் எண்ணம் இருந்தால் 96 கிலோஹெர்ட்ஸ் வையுங்கள், அளவு இரட்டிக்கும். காரணம்: 48இல் பதிந்த ஒலியில் 24 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் இருக்காது. அதைப் பாதி வேகத்தில் ஓட்டினால் உச்சம் 12க்கு இறங்கி, கம்பளி போர்த்திய மாதிரி மங்கிவிடும். (மைக்கும் அந்த உயரத்தைப் பிடிக்க வேண்டும், எல்லா மைக்கும் பிடிக்காது.)

ஒலியளவு: அளவுமானியில் பூஜ்யம்தான் உச்ச எல்லை; மிகப் பலத்த தருணம் மைனஸ் 12 டெசிபலைத் தொட்டால் போதும். 24 பிட்டில் பிறகு ஏற்றிக்கொள்ள இடம் இருக்கிறது; சிவப்பைத் தாண்டிக் கிழிந்த ஒலியைத் தைக்க வழியில்லை. ஷட்டர், இரும்புக் கதவு போன்றவற்றை முதலில் ஒரு முறை அடிக்கச் சொல்லி அளவு பாருங்கள். எச்சரிக்கை இல்லாமல் அடித்து என் முதல் ஐந்து பதிவும் போயின.

பொத்தானை அழுத்தியதும் மைக்கிடம் பேசுங்கள்: தேதி, நேரம், இடம், பொருள், எவ்வளவு தூரத்தில் நிற்கிறீர்கள். பத்து வினாடி வேலை. பிறகு அசையாமல் நில்லுங்கள். உடை உரசல், விரல் உரசல், மூச்சு எல்லாம் விழும். முடிந்தால் ரெக்கார்டரை முக்காலியிலோ சுவர்மேல் துணி மடித்தோ வையுங்கள்.

நின்று ஒலிப்பதை ஐந்து நிமிடம் விடாமல். ஒற்றை அடியை மெதுவாக, பலமாக என்று பத்துப் பன்னிரண்டு முறை. ஒரே அடியைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டால் உருப்படி செத்துப்போகும், இந்த வேறுபாடுகள்தான் அதற்கு உயிர். எல்லாவற்றையும் அருகில் ஒரு முறை, தள்ளி நின்று ஒரு முறை. கிளம்புமுன் அந்த இடத்தின் வெறும் அமைதி ஒரு நிமிடம்: பிற்பாடு வெட்டிய இடங்களை ஒட்டுப்போட இதுதான் துணி.

விடிகாலைக்கு முன்னுரிமை கொடுங்கள். வாகனம் குறைவு என்பது ஒரு பக்கம். காற்றில்லாத அந்த நேரத்தில் தரையோரக் காற்று மேலே இருப்பதைவிடக் குளிர்ந்திருப்பதால் மேலே போக வேண்டிய ஒலி வளைந்து கீழே வரும். தூரத்து ரயில்கூடப் பக்கத்தில் கேட்கும்.

பேட்டரி ஒரு பொறி. திரும்ப ஏற்றும் நிக்கல் பேட்டரி 1.2 வோல்ட், சாதாரணமானது 1.5. எது போட்டிருக்கிறீர்கள் என்று அமைப்பில் சொல்லாவிட்டால் மீதி எவ்வளவு என்று கருவி தப்பாகக் காட்டும். மெமரி கார்டை ரெக்கார்டரிலேயே ஃபார்மேட் செய்யுங்கள்.

5. அன்றிரவே

தள்ளிப்போட்டால் முடிந்தது கதை. ஒரு மணி நேரப் பதிவுக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

கார்டிலிருந்து இரண்டு இடத்துக்குப் பிரதி. இரண்டும் திறக்கிறதா என்று பார்த்த பிறகே கார்டை அழியுங்கள். கோப்புப் பெயரில் வருடம்-மாதம்-நாள், இடம், ஒலிச்சொல், அருகா தொலைவா என்பது வரட்டும். தமிழில் பெயர் வைப்பதானால் முதலில் ஒன்றை வைத்து உங்கள் மென்பொருள் ஒழுங்காகத் திறக்கிறதா என்று சோதியுங்கள். பின் ஹெட்ஃபோனில் முழுதாகக் கேட்டு அட்டவணையில் எழுதுங்கள்: நல்ல இடம் எத்தனையாவது நிமிடம், குரல் எங்கே, இசை எங்கே. நான் கோட்டைவிட்ட வானொலி இந்தப் படியில் பிடிபட்டிருக்கும்.

மூலக்கோப்பின் மேல் எந்த வேலையும் செய்யக் கூடாது. பிரதியில்தான் கை வைக்க வேண்டும்.

6. சத்தத்தை வாத்தியமாக்குவது

மொத்த வேலையிலும் மகிழ்ச்சியான பகுதி இதுதான்.

*சுருதி.* நின்று ஒலிக்கும் பதிவை ஆடாசிட்டியின் அலைவரிசைப் படத்தில் (Plot Spectrum: எந்த ஹெர்ட்ஸ் எவ்வளவு பலம் என்று காட்டும் வரைபடம்) போட்டு எந்த முகடு உயரம் என்று பாருங்கள். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள நாடுகளில் டிரான்ஸ்ஃபார்மர் 100 ஹெர்ட்ஸில் ரீங்கரிக்கும். 60 உள்ள நாடுகளில் 120இல். நூறு என்பது பியானோவின் ‘ஜி’க்கு 35 சென்ட் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) மேலே, இரண்டு கட்டைகளுக்கு நடுவில் நிற்கிறது. புதியவர்கள் இங்கே பதிவைத் திருத்திக் கட்டைக்கு இழுக்கிறார்கள். நான் சிந்தசைசரின் (மின்னணு முறையில் ஒலி உண்டாக்கும் கருவி) பொதுச் சுருதியை 440லிருந்து 449 ஹெர்ட்ஸுக்கு ஏற்றிவிடுவேன். அப்போது ‘ஜி’ சரியாக 100இல் உட்காரும், டிரான்ஸ்ஃபார்மரைத் தொடவே வேண்டாம். கச்சேரியில் தம்புராவோடு மற்றவர்கள்தானே சேர்கிறார்கள்.

*கட்டையில் ஏற்றுவது.* கைப்பிடியைத் தட்டிய ‘கணீர்’ ஒன்றைச் சாம்பிளரில் (பதிந்த ஒலியைக் கட்டைகளில் வாசிக்க விடும் கருவி) போட்டு, அதன் உண்மையான சுரத்தை மூலச் சுரமாகக் குறியுங்கள். வேகத்தை இரட்டித்தால் ஒரு ஸ்தாயி மேலே, பாதியாக்கினால் ஒரு ஸ்தாயி கீழே. அரைச் சுரம் என்பது 1.0595 மடங்கு. ஒரே பதிவை மூன்று ஸ்தாயிக்கு இழுத்தால் பொம்மை மாதிரி ஆகும். பெரிய கைப்பிடி, சின்னக் கைப்பிடி என்று இரண்டு மூன்று பதிவை வரம்பு பிரித்து வையுங்கள்.

*லூப்.* பம்பின் ஓட்டத்தை, விடாமல் சுற்றிச் சுற்றி ஓடும் துண்டாக வெட்டி ஒட்டும்போது ‘டிக்’ என்று சத்தம் வந்தால், அலை பூஜ்யக் கோட்டைக் கடக்கும் இடத்தில் வெட்டவில்லை என்று அர்த்தம். அங்கே வெட்டி, 10 முதல் 30 மில்லிவினாடி முன்னதும் பின்னதும் கலந்து மங்கவிட்டால் போய்விடும்.

*மழையில் ராகம்.* எனக்கு மிகப் பிடித்தது. இரைச்சலான ஒலி ஒன்றை, மழையோ அருவிபோல் ஓடும் சாலையோ, மிகக் குறுகிய டிலேயில் (ஒலியைச் சற்றுத் தாமதித்துத் திரும்ப ஒலிக்கவிடும் கருவி) நிறைய ஃபீட்பேக் (வெளிவந்த ஒலியை மறுபடி உள்ளே விடும் அளவு) வைத்து விடுங்கள். 1000ஐத் தாமத மில்லிவினாடியால் வகுத்தால் எந்த ஹெர்ட்ஸில் ஒலிக்கும் என்று வரும். 10 மில்லிவினாடிக்கு 100 ஹெர்ட்ஸ். பக்கத்தில் 8இல் இன்னொரு டிலே, அப்புறம் 6.67இல் ஒன்று. இப்போது 100, 125, 150: சுத்தமான மேஜர் கோர்டு (ஒன்றாக ஒலிக்கும் மூன்று சுரம்), மழையே பாடும். ஃபீட்பேக் நூறு சதவீதத்தைத் தொட்டால் ஒலி கட்டுக்கடங்காமல் ஏறும், ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு ஏற்றுங்கள். காது உங்களுடையது.

*தூளாக்குவது.* கிரானுலர் கருவியில் ஒலியை 10 முதல் 100 மில்லிவினாடித் துகள்களாக்கிச் சிதறவிடலாம். அழகுதான், ஆனால் எதைப் போட்டாலும் ஒரே மாதிரி பனிமூட்டமாக வரும். ஓர் உருப்படியில் ஒரு இடத்துக்கு மேல் வேண்டாம் என்பது என் கட்சி.

*இடத்தையே எடுத்துவருவது.* எதிரொலிக்கும் இடங்களைக் குறித்தீர்களே, அங்கே ஒரு பலூனை உடைத்து, எதிரொலி முழுக்க அடங்கும்வரை பதியுங்கள். (அளவை நன்றாக இறக்கி, அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டு.) அந்தக் கோப்பின் முன் அமைதியை வெட்டி எறிந்துவிட்டு, ரீப்பரோடு வரும் ரியாவெர்ப் (ReaVerb) போன்ற கன்வல்யூஷன் கருவியில் (ஓர் இடத்தின் எதிரொலியை வேறு ஒலிமேல் போர்த்துவது) ஏற்றினால், எந்தச் சிந்தசைசர் ஒலியும் உங்கள் மாடிப்படிக்குள் ஒலிக்கும். கடையில் விற்கும் மண்டப, தேவாலய எதிரொலிக் கோப்புகளுக்கு இனி வேலை இல்லை.

7. கட்டுவது

வேகத்தை நீங்கள் முடிவு செய்ய வேண்டாம், இடத்திடம் கேளுங்கள். எங்கள் பம்பு 15 வினாடிக்கு 23 முறை இடித்தது; நான்கால் பெருக்கினால் நிமிடத்துக்கு 92. 60,000ஐ 92ஆல் வகுத்தால் ஓர் அடிக்கு 652 மில்லிவினாடி, டிலேகளுக்கும் அதே கணக்கு. பம்பு கொஞ்சம் தள்ளாடும். அதை மென்பொருளின் தாளக் கட்டத்துக்குள் ஒட்டவைக்காமல் கொட்டுகளை அதன்மேல் கையால் வாசியுங்கள்.

புதியவர் விழும் குழிகள் இரண்டு. ஒன்று, ஊரைச் சுற்றிக் காட்டுவது: ரயில் வந்தது, பறவை கத்தியது, மழை பெய்தது, முடிந்தது. கேட்பவருக்கு அது ஒலியால் ஆன தபால் அட்டை. இன்னொன்று, எல்லாவற்றையும் அடையாளம் தெரியாமல் அரைத்துவிடுவது. அப்புறம் அது எந்த ஊர் ஒலியாக இருந்தால் என்ன? ஒரே ஒரு பதிவையாவது எதுவும் செய்யாமல் ஓரிடத்தில் திறந்து வையுங்கள். மற்றவை அதிலிருந்து கிளம்பியவை என்று காது தானே கண்டுபிடிக்கும்.

நான்கு நிமிட உருப்படிக்கு ஐந்து அல்லது ஆறு ஒலி போதும். எனக்கு ஆகும் காலம்: நடை மூன்று நாள், பதிவு இரண்டு வாரம், பிரித்துக் கேட்பது ஒரு வாரம், இசையமைப்பு நான்கு முதல் ஆறு வாரம்.

8. மிக்ஸ்

வெளிப்புறப் பதிவு எல்லாவற்றின் அடியிலும் காற்றும் வாகனமும் சேர்ந்த ஒரு குமுறல் இருக்கும். ஒவ்வொரு தடத்திலும் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ் வெட்டுங்கள், அடிச்சுரம் வேண்டிய ஒன்றைத் தவிர. இரைச்சல் நீக்கியைக் கொஞ்சமாகப் போடுங்கள். மிஞ்சினால் தண்ணீருக்குள் பேசுவது போலாகும். ஹெட்ஃபோனில் முடித்ததைக் கைப்பேசி ஸ்பீக்கரிலும் ஒரு முறை கேளுங்கள், 100 ஹெர்ட்ஸ் சுருதி அங்கே காணாமலே போயிருக்கும். அதன் மேல்மடங்குகளை (200, 300 ஹெர்ட்ஸ்) கொஞ்சம் ஏற்ற வேண்டிவரும்.

9. வெளியிடுவது

ஸ்பாட்டிஃபை ஒலிப்பதற்கு அளவாக வைத்திருப்பது மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குத் தெரியும் சராசரிச் சத்தத்தின் அலகு). அதற்கு மேல் நெரித்து ஏற்றினால் அவர்கள் இறக்கிவிடுவார்கள். நெரிசல் மட்டும் மிஞ்சும். உச்சத்தை மைனஸ் 1 டெசிபலில் நிறுத்துங்கள்.

உருப்படியைத் தளங்களுக்கு அனுப்பிவைக்கும் விநியோகச் சேவையில் சேருமுன் மூன்றைப் பாருங்கள்: ஆண்டுக் கட்டணமா ஒருமுறைக் கட்டணமா, கட்டணம் நின்றால் உருப்படி தளங்களிலிருந்து இறங்குமா, வருமானத்தில் எத்தனை பங்கு பிடிப்பார்கள். ஒவ்வொரு பதிவுக்கும் அதை அடையாளம் காட்டும், 12 எழுத்தெண் கொண்ட ஐஎஸ்ஆர்சி குறி வேண்டும். பெரும்பாலும் சேவையே தரும், எழுதி வையுங்கள். அட்டைப்படம் பொதுவாக 3000க்கு 3000 பிக்சல் கேட்பார்கள். வெளியீட்டுத் தேதிக்கு நான்கு வாரம் முன்பே ஏற்றிவிடுங்கள், ஏதாவது ஒன்றுக்குத் திருப்பி அனுப்புவார்கள்.

மூல ஒலிகளையும் பகிர நினைத்தால் ஃப்ரீசவுண்ட் நல்ல இடம். அங்கே சிசி ஜீரோ (எந்த நிபந்தனையும் இல்லாமல் திறந்துவிடுவது), பெயர் சொன்னால் போதும் என்ற உரிமம், வணிகமல்லாத பயன்பாடு மட்டும் என்ற உரிமம் ஆகியவற்றில் ஒன்றைத் தேர்வு செய்யலாம். ஆனால் ஒன்று: மூல ஒலியை எல்லோருக்கும் திறந்துவிட்டு, அதே ஒலி உள்ள உருப்படியை யூடியூபின் கன்டென்ட் ஐடியிலும் (பிறர் காணொளியில் உங்கள் ஒலி இருந்தால் தானாகக் கண்டுபிடிக்கும் ஏற்பாடு) பதிந்தால், அந்த ஒலியை நியாயமாக எடுத்தாண்டவர் மேல் உங்கள் பெயரில் புகார் போகும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். சம்மதத் தாளில் கையெழுத்திட்டவர் குரல் உள்ள கோப்பை, தாளில் அப்படி எழுதியிருந்தால் ஒழியப் பகிரவே கூடாது.

வெளியாவதற்கு ஒரு வாரம் முன்னால் அனுமதி தந்தவர்களிடம் போட்டுக் காட்டுங்கள். மாற்றச் சொன்னால் மாற்ற அவகாசம் இருக்கும். சம்மதத் தாள், அட்டவணை, மூலக்கோப்பு மூன்றையும் ஒரே உறையில், உருப்படி வெளியில் இருக்கும்வரை வைத்திருங்கள். பம்பு அறைக்காரரிடம் நான் போட்டுக் காட்டியபோது இரண்டு நிமிடம் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு ஹெட்ஃபோனைக் கழற்றி, “பேரிங் தேய்ஞ்சிருக்கு தம்பி, நேர்ல கேட்கும்போது தெரியலையே” என்று சொல்லிவிட்டு ஸ்பேனரைத் தேடப் போனார். மறுவாரம் போனபோது பம்பு வழவழவென்று ஓடியது. அந்தத் தள்ளாட்டம் இப்போது என் மூலக்கோப்பில் மட்டும்தான் இருக்கிறது.